9 மைக்ரானுக்கு ஒரு குவாண்டம் கிணறு டிடெக்டரை பேப்பர்லயே டிசைன் பண்றது எப்படி

குவாண்டம் கிணறு டிடெக்டர்னா சில நானோமீட்டர் அகலமுள்ள செமிகண்டக்டர் அடுக்குல எலக்ட்ரானை அடைச்சு வைக்கிறது, அந்த அடுக்குதான் கிணறு, அகச்சிவப்பு லைட் பட்டா எலக்ட்ரான் மேல தாவி வெளிய வந்து சிக்னலா ஓடும். பிஎச்டி சேர்ற பசங்க நேரா சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல போய் உக்காந்துடறாங்க, அதுக்கு முன்னாடி ஒரு தடவை கால்குலேட்டர் வச்சு கையால போட்டுப் பாருங்க, அப்பதான் எந்த நம்பரை மாத்துனா எது ஆடும்னு புரியும்.

முதல்ல அலைநீளம். 1240ஐ மைக்ரானால வகுத்தா எனர்ஜி மில்லி எலக்ட்ரான் வோல்ட்ல வந்துடும், 9.3 மைக்ரான்னா சுமார் 133. காலியம் ஆர்சனைடுதான் கிணறு, ரெண்டு பக்கமும் அலுமினியம் கலந்த காலியம் ஆர்சனைடுதான் சுவர். காலியம் இடத்துல 26 சதவீதம் அலுமினியம் போட்டா பேண்ட் கேப், அதாவது எலக்ட்ரான் இருக்க முடியாத எனர்ஜி இடைவெளி, அதோட வித்தியாசம் 324 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வரும், அதுல 65 சதவீதம் எலக்ட்ரான் பக்கம்னு எடுத்துக்கிட்டா கிணத்தோட ஆழம் 210.

இப்ப அகலம் 5 நானோமீட்டர்னு வைங்க. இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, காலேஜ்ல படிச்ச முடிவில்லா ஆழக் கிணறு ஃபார்முலாவை போட்டா எலக்ட்ரானோட முதல் எனர்ஜி லெவலே 225ன்னு வரும், அதாவது கிணத்து ஆழத்தையே தாண்டிடும், அர்த்தமே இல்ல. ஆழம் முடியுற கிணத்துக்கான டேன் சமன்பாட்டை நாலஞ்சு தடவை மதிப்பு மாத்தி மாத்தி போடுங்க, 78 கிட்ட வந்து நிக்கும். 210ல 78 போனா 132, நமக்கு வேண்டியது கிட்டத்தட்ட அதேதான்.

அந்த 5 நானோமீட்டரை சும்மா எடுக்கல. இந்த அகலத்துல ரெண்டாவது லெவல் சரியா கிணத்து விளிம்புல வந்து உக்காருது, டிசைனோட உயிரே இதுதான். அது உள்ள ஆழமா இருந்தா லைட் பட்டு தாவுன எலக்ட்ரான் வெளிய வராம உள்ளயே விழுந்துடும், சிக்னல் போச்சு. ரொம்ப மேல போனா உறிஞ்சுற அலைநீளம் பரவலாகும், சுவர் குட்டையாகி டார்க் கரண்ட்டும், அதாவது லைட்டே படாதப்பவும் ஓடுற வேண்டாத கரண்ட்டும் ஏறும்.

சுவர் தடிமன் 50 நானோமீட்டர் வைங்க. 1987ல அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆய்வகத்துல லெவைன் குழு செஞ்ச முதல் டிடெக்டர்ல சுவர் 9.5 நானோமீட்டர்தான், அதுல எலக்ட்ரான் சுவரை துளைச்சுக்கிட்டு ஒழுகும், அப்புறம்தான் தடிமனாக்குனாங்க. மொத்தம் 50 கிணறு போதும். கிணத்துக்கு எலக்ட்ரான் குடுக்க சிலிக்கான் கலக்கறோமே, அந்த டோப்பிங்ல பேராசை வேணாம், சிக்னல் கொஞ்சம் ஏறும்போது டார்க் கரண்ட் மடங்கு மடங்கா ஏறிடும்.

அடுத்து லைட் விழுற திசை. நேரா மேலேர்ந்து விழுற லைட்டை இந்த கிணறு கண்டுக்கவே கண்டுக்காது, லைட்டோட மின்புலம் லேயருக்கு செங்குத்தா இருந்தாதான் எலக்ட்ரான் தாவும். அதனால டெஸ்ட் பீஸ்னா ஓரத்தை 45 டிகிரிக்கு பாலிஷ் பண்ணி அது வழியா லைட்டை விடுங்க, கேமரா சிப்னா ஒவ்வொரு பிக்சல் மேலயும் லைட்டை சாய்ச்சு விடுற கிரேட்டிங், அதாவது வரிசையான சின்னச் சின்ன பள்ளங்கள் வெட்டணும்.

கூலிங்ல சமரசமே கிடையாது, இந்த அலைநீளத்துக்கு சாதாரணமா 70 கெல்வினோ அதுக்கும் கீழயோ போகணும். 2013 பிப்ரவரில ஏவுன லேண்ட்சாட் 8ல வெப்பத்தை படம் பிடிக்கிற கருவிக்குள்ள 640க்கு 512 பிக்சல்ல இந்த வகை சிப் மூணு இருக்கு, 12 மைக்ரானை தாண்டியும் பாக்கணும்ங்கறதால அதை 43 கெல்வின்ல வச்சிருக்காங்க. வயல் எவ்ளோ தண்ணி குடிக்குதுன்னு வானத்துலேர்ந்து கணக்கு போட அந்த டேட்டாவைத்தான் எடுக்கறாங்க, எனக்கு இந்த ஃபீல்டு மேல பிரியம் வந்ததே அதனாலதான்.

இதெல்லாம் கைக்கு வந்தப்புறம் 2018ல பாரிஸ்ல சிர்டோரி குழு காட்டுனதை படிங்க. சுமார் 1.3 மைக்ரான் தங்க சதுரங்களை ஆன்டெனாவா வச்சு, பெரிய பரப்புல விழுற லைட்டை சின்ன இடத்துல அடக்கி, 9 மைக்ரான் டிடெக்டரை ரூம் டெம்பரேச்சர்லயே ஓட்டிட்டாங்க! லைட்டை சேகரிக்கிற பரப்பு பெருசு, டார்க் கரண்ட் ஓடுற பரப்பு சின்னது, அதுதான் சூட்சுமம். அந்த சதுரத்தோட அளவும் ஒரு வரி கணக்குதான், 9ஐ ஒளிவிலகல் எண் 3.3ஆல வகுத்து அதுல பாதி எடுங்க, வந்துடும்.