மாரியில் நிலாவெளிக்குப் போகும் இருவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் பிறந்தால் இலங்கைக்கு வரும் வெளிநாட்டார் தெற்கே ஹிக்கடுவைக்கும் மிரிஸ்ஸவுக்கும் போய்விடுவார்கள். கிழக்கே நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா ரிசோட்டுகள் வெறிச்சோடும். வாடைக்காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து நேரே இந்தக் கரையில் மோதும் காலம் அது. வாடகை இறங்கியிருக்கும், கூட்டம் இருக்காது, இரண்டு பேர் கதைத்துக்கொண்டு நடக்க நீண்ட கரை கிடக்கும். கட்டாயம் போகவேண்டிய பயணம்தான். ஆனால் மாரியில் இந்தக் கடல் பார்க்கிற கடல், குளிக்கிற கடல் அல்ல. அதை மனதில் வைக்காமல் ஏப்ரல், மே மாதத் திட்டத்தோடு போகிறவர்கள்தான் முகம் வாடித் திரும்புகிறார்கள்.

மாரி முழுவதையும் ஒன்றாக எண்ணுவது

நிலாவெளி இருக்கும் திருகோணமலையில் நவம்பரிலும் டிசெம்பரிலும் மாதத்துக்குச் சராசரியாக 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும். ஜனவரியில் அது பாதிக்கும் கீழே இறங்கும், பெப்ரவரியில் இன்னும் குறையும். புயலும் தாழமுக்கமும் அதிகம் வருவது நவம்பர், டிசெம்பரில். திகதி உங்கள் கையில் இருந்தால் ஜனவரி 20க்குப் பிறகு வையுங்கள். வாடகை இன்னும் மாரி விலையில் இருக்கும், வானம் இடையிடையே வெளுக்கும்.

எல்லாவற்றிலும் மோசமான தெரிவு டிசெம்பர் 23 முதல் ஜனவரி 2 வரை. மழைக்கும் குறைவிராது, பாடசாலை விடுமுறையும் நத்தாரும் புத்தாண்டும் சேர்ந்து விலையும் ஏறிவிடும். தைப்பொங்கலை ஒட்டிய வார இறுதியையும் விடுங்கள். போயா எனும் பௌர்ணமி நாளில் மதுபானம் விற்கமாட்டார்கள் என்பதையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய் போய் வியாழன் திரும்புவது அமைதிக்கும் பணத்துக்கும் நல்லது.

தள்ளுபடியைப் பார்த்து மொத்தத்தை மறப்பது

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரவில்லை என்று பொருள். இரவுக்கு 20,000 ரூபாய் என்கிற அறைக்கு 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 22,000. அதன்மேல் 18 சதவீத வற் எனும் பெறுமதி சேர் வரி ஏறினால் 25,960. இரண்டு இரவுக்கு ஏறக்குறைய 12,000 ரூபாய் கூடுதல், அதில் ஓர் இரவுச் சாப்பாட்டுக் காசு அடங்கியிருக்கிறது. "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாதை வெள்ளத்தில் மூடினால் முற்பணத்தைத் திருப்பித் தருவார்களா, வேறு திகதிக்கு மாற்றுவார்களா என்பதும் அதே செய்தியில் இருக்கட்டும். மாரிக்குப் பணம் திருப்பித் தராத மலிவு புக்கிங் பொருந்தாது.

அறையை விசாரிக்காமல் எடுப்பது

ரிசோட்டுகள் ஆட்கள் குறைந்த இந்த மாதங்களில்தான் திருத்த வேலைகளைச் செய்யும். நீச்சல் குளத்தில் தண்ணீர் இறக்கியிருக்கலாம், பக்கத்து அறையில் காலை எட்டு மணிக்கே துளைபோடும் சத்தம் கேட்கலாம். கடலில் இறங்க முடியாத நாளில் குளமும் இல்லையென்றால் பொழுதே போகாது. ஆகவே முதலில் இதைக் கேளுங்கள்.

அடுத்தது மின்சாரம். காற்று பலமானால் மின் தடைப்படும். "ஜெனரேட்டர் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள், அது விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமாக இருக்கும். அறையின் ஏசி அதில் ஓடுமா என்று கேளுங்கள். சுடுதண்ணீர் சூரிய சக்தியிலா, மின் கீசரிலா என்றும் கேளுங்கள். மூன்று நாள் வெயில் படாத கூரையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் வரும்.

"கடலைப் பார்த்த அறை" என்ற சொல்லில் மயங்கவேண்டாம். மாரியில் மழை சாய்வாகக் கடலிலிருந்து வரும். கதவு நேரே கடலை நோக்கித் திறக்கும் தரைத்தள அறையில் கதவிடுக்கால் தண்ணீர் ஊறும், பல்கனியில் உட்காரவும் முடியாது. கரைக்குப் பக்கவாட்டில் திரும்பிய மேல்மாடி அறை கிடைத்தால் அதை எடுங்கள், கடலும் தெரியும், காற்றும் நேரே அடிக்காது.

சாவி வாங்கியதும் பையைப் பிரிக்காமல் மூன்று இடம் பாருங்கள். கட்டில் தலைமாட்டுச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், ஈரம் கசிந்த சுவர் சில்லென்றிருக்கும், வண்ணம் உப்பிக் கொப்புளமாக நிற்கும். அலுமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். தலையணையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பூஞ்சண வாடை அடித்தால் உடனே அறை மாற்றித் தரச் சொல்லுங்கள். வெற்று அறைகள் நிறைய இருக்கும், மறுக்கமாட்டார்கள். அடுத்த நாள் சொன்னால் இரண்டு பேருக்கும் தும்மல்தான் மிச்சம். ஏசியை ஈரம் உறிஞ்சும் 'டிரை' நிலையில் ஓடவிட்டால் படுக்கை நொதநொதவென்று இராது.

கடலின் அமைதியான இடத்தை நம்புவது

உயிர் போகும் தவறு இது. அலை உடையும் இரண்டு வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே, நுரையில்லாமல், சற்றுக் கருத்து, அமைதியாக ஓர் இடைவெளி தெரியும். புதிதாக வருகிறவர்கள் அலை இல்லையென்று அங்கேதான் இறங்குவார்கள். கரையில் குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி அது, நல்ல நீச்சல்காரரையும் இழுத்துக்கொண்டு போகும். இழுபட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துத்தான் மூழ்குவார்கள். மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் அலையோடு சேர்ந்து வாருங்கள். ஒருவர் அகப்பட்டால் மற்றவர் பின்னால் குதிக்கக்கூடாது. மிதக்கக்கூடிய எதையாவது எறிந்துவிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள்.

நிலாவெளிக்கு வடக்கே இறக்கக்கண்டிப் பக்கம் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மழைநாளில் ஓட்டம் கடுமை. முழங்கால் ஆழம்தானே என்று அதைக் கடக்கவேண்டாம். பாசிக்குடா ஆழமில்லாத குடா, வேனிலில் வெகுதூரம் நடக்கலாம். அந்தப் பெயரை நம்பி மாரியிலும் உள்ளே போகிறவர்கள் உண்டு. சிவப்புக் கொடி பறந்தால் அங்கும் கரையோடு நில்லுங்கள்.

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவுக்குப் படகும், பவளப்பாறை பார்ப்பதும் சேர்த்த பொதியை இந்த மாதங்களில் வாங்காதீர்கள். படகுகள் பெரும்பாலும் ஓடா, ஓடினாலும் கலங்கிய தண்ணீரில் எதுவும் தெரியாது. வெறுங்கையோடு திரும்புவதைவிட அந்தக் காசுக்கு இன்னோர் இரவு தங்கலாம்.

வரைபடத்தில் கிலோமீற்றரை மட்டும் பார்ப்பது

கொழும்பிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 260 கிலோமீற்றர். மாரியில் தூரத்தைவிட மகாவலி ஆறு முக்கியம். மலைநாட்டில் பெய்த மழை ஒன்றிரண்டு நாள் கழித்து இங்கே வெள்ளமாக வரும், உங்கள் தலைக்குமேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பாதை மூடும். பொலனறுவையிலிருந்து பாசிக்குடாப் பக்கம் போகும் வீதி மன்னம்பிட்டியில் தாழும், திருகோணமலை – மட்டக்களப்பு வீதிக்கு வெருகல் பக்கம் இதே கதி. நிலாவெளியையும் பாசிக்குடாவையும் ஒரே பயணத்தில் இணைக்காமல் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பாதைகளையும் தண்டவாளங்களையும் அறுத்துப்போட்டது நினைவிருக்கும். ரயிலில் போவதென்றால் அது ஓடுகிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னர் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவிப்பில், காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாகப் பொத்துவில் வரையான பகுதியைப் படியுங்கள். காற்று மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் என்றால் திகதியை மாற்றுங்கள். மகாவலியின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சின் 1990 இரண்டும் கைபேசியில் இருக்கட்டும்.

நாளை நிரப்பி வைப்பது

அரைநாளுக்கு ஒரு வேலை போதும். மழை விட்ட பொழுதில் கோணேசர் கோயில். பிரெடெரிக் கோட்டைக்குள் மான்கள் மேயும் பாதையால் மேலேறி, சுவாமி மலை விளிம்பில் நின்றால் காலடியில் வாடைக்கடல் குமுறுவது கேட்கும். மழை விடாத நாளில் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். எப்படியும் நனையத்தான் போகிறீர்கள், சூடான தண்ணீரில் நனையலாம்.

கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கக் காத்திருக்கவேண்டாம், இது கீழைக்கரை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தால் உதயம் கிடைக்கும், மேகம் கிழிந்த நாளில் அது தரும் நிறம் வேனிலில் வராது. மாலை ஆறரைக்குள் கரை இருண்டுவிடும்.

சாப்பாட்டில் பெரிய கடல்மீனைக் கேட்டு அடம்பிடித்தால் குளிர்பெட்டியில் கிடந்ததுதான் தட்டில் வரும். படகு போகாத நாளில் களப்பு இறாலும் நண்டும் கேளுங்கள். ஆட்கள் குறைந்த சமையலறைக்கு மத்தியானமே இரவுச் சாப்பாட்டைச் சொல்லிவைத்தால் புதிதாகச் சமைத்துத் தருவார்கள்.

பையில் குடை வேண்டாம், இந்தக் காற்று அதைத் திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு ஆளுக்கொன்று, துவைத்தால் காயாத ஜீன்ஸுக்குப் பதில் மெல்லிய காற்சட்டை, ஒரு டோர்ச். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், அதனால் நுளம்புக் களிம்பைக் காலையிலேயே பூசுங்கள். வெள்ளம் வடிந்த கரையில் மரக்குற்றியும் உடைந்த போத்தலும் ஒதுங்கியிருக்கும், செருப்பைக் கழற்றாமல் நடங்கள்.