வாழ்த்துமடலைக் கைபேசியிடம் கொடுக்காமல் எழுதுவது எப்படி?

எங்கள் பக்கத்துத் திருமணங்களில் தாலி கட்டி முடிந்ததும் மணமக்களுக்கு வாழ்த்துமடல் வாசித்து, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவர்கள் கையில் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அக்காவின் மூத்த மகளுக்குத் திருமணம் நிச்சயமானபோது, பள்ளியில் கவிதைப் போட்டிக்குப் பரிசு வாங்கியவன் என்ற பழைய பெயரை நம்பி, தாய்மாமனான என்னிடமே அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். நானோ கைபேசியில் இருந்த செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் மணமக்களின் பெயர்களைக் கொடுத்தேன். அரை நிமிடத்தில் 16 வரிகள் வந்து விழுந்தன. மல்லிகை மணந்தது, வைகை பெருகியது, மீனாட்சியின் அருளும் சுரந்தது. மேடையில் வாசித்துவிட்டு இறங்கியபோது அக்கா மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. இதுல நம்ம பிள்ளையக் காணோமேடா?"

இளையவளின் திருமணத்துக்கு முன் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். வாழ்த்துமடலை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டாலும், படம் வரைபவர்களுக்கும் மேடைப்பேச்சு தயாரிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கைபேசியை ஆற்றில் எறிய வேண்டியதில்லை. (வைகையில் எறிந்தாலும் ஆண்டில் பல மாதங்கள் அது மணலில்தான் கிடக்கும்.) மாற்ற வேண்டியது வரிசையை மட்டுமே: முதல் வரைவு நம்முடையதாக இருக்க வேண்டும், கருவி அதன் பிறகு வரலாம். இது வெறும் பிடிவாதம் அன்று. வடிவமைப்பாளர்களுக்கு ஒரு மாதிரியைக் காட்டிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கச் சொன்னால், அந்த மாதிரியின் கூறுகளை, அதிலுள்ள குறைகளையும் சேர்த்தே, அவர்கள் திரும்ப வரைகிறார்கள் என்பதை ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் எடுத்துக்காட்டினார்கள். செயலி தந்த 16 வரிகளைத் திருத்தி எனதாக்கிக்கொள்ளலாம் என்று நானும் உட்கார்ந்தேன். இரண்டு சொற்களை மாற்றியதற்கு மேல் என்னால் நகர முடியவில்லை. கோலம் போடுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காணொளியைப் பார்த்து இழுத்த சிக்குக் கோலம் மறுநாள் கையில் நிற்பதில்லை. 5க்கு 5 புள்ளி வைத்து, தானே தடுமாறித் தடுமாறி வளைத்த கோடு நிற்கிறது.

முதலில் ஒரு நோட்டு வேண்டும். கோடு போடாத, விலை குறைந்த, பள்ளிப் பிள்ளைகள் ரஃப் நோட்டாக வைத்திருப்பது போன்ற ஒன்றை வாங்குங்கள். தோல் அட்டை போட்ட உயர்ந்த வகை நோட்டில் அடித்தல் திருத்தலுக்குக் கை கூசும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்கிறேன். பேனாவோ பென்சிலோ, எதுவாயினும் சரிதான்.

அடுத்ததாக, பார்த்து நினைவில் நிறுத்தும் பழக்கத்தைத் திரும்பப் பெற வேண்டும்; எனக்குப் பெரும்பாடாக இருந்தது இதுதான். இதற்கு மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நேர்ந்ததற்குப் பின், மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசி கொண்டுசெல்வது தடை செய்யப்பட்டது. வாசலில் ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். பலருக்கு எரிச்சலூட்டும் இந்த ஏற்பாட்டை நான் பயிற்சிக்கூடமாக மாற்றிக்கொண்டேன். ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் இருக்கின்றன. அத்தனையையும் பார்க்க முயலாமல் ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, அதன் முன் 20 நிமிடம் நில்லுங்கள். யாளியாக இருந்தால், அதன் வாயில் எத்தனை பற்கள் வெளியே தெரிகின்றன, பிடரி எந்த இடத்தில் சுருள்கிறது, முன்னங்கால் எதை மிதிக்கிறது என்று உங்களையே கேட்டு, விடையைக் கண்ணால் தொட்டுப் பாருங்கள். பிறகு சித்திரை வீதிக்கு வந்து ஓரமாக அமர்ந்து, கைபேசியைத் திரும்ப வாங்குவதற்கு முன்பே, நினைவிலிருந்து வரையுங்கள் அல்லது பத்து வரி எழுதுங்கள்.

முதல் நாள் நான் வரைந்த யாளி தெருநாய் போல இருந்தது. காதும் காலும் உடலோடு எங்கே சேர்கின்றன என்பதே எனக்குத் தெரியவில்லை; பலமுறை அந்தத் தூணைக் கடந்தவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஆனால் எதைக் கவனிக்கத் தவறினேன் என்பது தெரிந்துவிட்டதால், மறுவாரம் நேரே காதைப் பார்க்கப் போனேன். நான்காம் முறை யாளி யாளியாகவே வந்தது. படம் எடுத்திருந்தால் இந்தப் பிழை எனக்குத் தெரிந்தே இருக்காது. அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படமெடுத்தவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆகவே பழியைக் கேமராவின் மேல் மட்டும் போட முடியாது. கண் எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது அது.

தூணைப் பார்த்த கண்ணோடு இனி மனிதர்களிடம் வரலாம். யாரைப் பற்றி எழுதப் போகிறீர்களோ அவரைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்தவற்றைப் பத்து நாட்கள் நோட்டில் குறித்து வாருங்கள். "அன்பானவள்", "அடக்கமானவள்" போன்ற பண்புச் சொற்களுக்கு அந்த நோட்டில் இடம் கொடுக்க வேண்டாம். செயலை மட்டும் எழுதுங்கள். இளையவளைப் பற்றி முதல் ஏழு நாட்கள் என்னிடம் உருப்படியாக எதுவும் சேரவில்லை. எட்டாம் நாள், உச்சிவெயிலில் அவர்கள் வீட்டுக்குப் போனபோதுதான் கவனித்தேன்: படியேறி யார் வந்தாலும், "வாங்க" என்று சொல்வதற்கு முன்பே, அவள் ஓடிப்போய் மின்விசிறியைப் போடுகிறாள். சின்ன வயதில் சுவிட்சு எட்டாமல் முக்காலி போட்டு ஏறியதும் அப்போது நினைவுக்கு வந்தது.

குறிப்புகள் சேர்ந்ததும் ஒரே அமர்வில், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, முழு வரைவையும் எழுதி முடிக்கவும். எதுகை மோனை தானாக வந்தால் வரட்டும். நல்ல நூலுக்கு மட்டும் இடம் தந்த சங்கப்பலகை பொற்றாமரைக் குளத்தில் மிதந்தது என்று சொல்வார்கள். நம் மடல் அந்தத் தேர்வுக்குப் போகவில்லை. ஒரு நாள் விட்டு எடுத்து, மணப்பெண்ணின் பெயருக்குப் பதிலாக வேறொரு பெண்ணின் பெயரைப் போட்டு வாசித்துப் பாருங்கள். எந்த வரி அப்போதும் இடறாமல் ஓடுகிறதோ அதை அடித்துவிடலாம். என் வரைவில் 22 வரிகள் 9 ஆகச் சுருங்கின.

சொல் கிடைக்காமல் தடுமாறும்போது தேடுபொறிக்குப் போகாமல் அச்சு அகராதியைத் திறப்பது நல்லது. நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ, அருகிலிருக்கும் கிளை நூலகத்துக்கோ அரை நாள் ஒதுக்குங்கள். தேடுபொறி கேட்ட சொல்லை மட்டும் காட்டும். அகராதியின் பக்கமோ அதன் அக்கம்பக்கத்துச் சொற்களையும் கண்ணில் போடும், சில வேளை பக்கத்து வீட்டுச் சொல்லே நமக்கு வேண்டியதாக இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு கைபேசியைக் கையில் எடுக்கலாம். ஒற்றுப்பிழை பார்க்கவும், கையெழுத்துப் படியைப் படமெடுத்து அச்சகத்துக்கு அனுப்பவும் அது மிகவும் உதவும். அச்சில் ஏறுவதற்கு முன் மெய்ப்பை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள். "வெயிலில் வந்தவர் அமருமுன் விசிறி சுழலும் வீடு" என்ற என் வரியைத் தட்டச்சு செய்த தம்பி, மடலில் விசிறி எதற்கு என்று எண்ணி, "விழி சுழலும்" என்று திருத்தி வைத்திருந்தார். "அண்ணே, விழின்னுதானே வரும்?" என்றார். விசிறி என்றே போடச் சொன்னேன்.