ஃபவுண்டன்ஸ் அபே: இடிபாடுகளுக்குள் வழி கண்டுபிடிப்பது எப்படி?

பழைய துறவி மடங்களின் இடிபாடுகளுக்கு முதல் தடவை போகிறவர்கள் பலர் அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். உயரமான சுவர், கூரை இல்லாத தேவாலயம், நாலு படம், அவ்வளவுதான். எது சமையலறை, எது படுக்கும் இடம் என்று தெரியாதபோது எல்லாமே வெறும் கல்லாகத்தான் தெரியும். ஆனால் ஒரே ஒரு இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி தானாகப் பிடிபடும். அந்த இடம் மடத்தின் முற்றம்.

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷரில், ரிப்பன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபவுண்டன்ஸ் அபேயை வைத்து இதைச் சொல்கிறேன். இங்கே ஒரு முறை பழகிவிட்டால், சிஸ்டர்சியன் துறவிகள் (எளிமையையும் உழைப்பையும் வலியுறுத்திய ஒரு கத்தோலிக்கத் துறவி சபை) கட்டிய வேறு எந்த மடத்துக்குப் போனாலும் தடுமாற மாட்டீர்கள்.

போகும் முன்

கொஞ்சம் கதை தெரிந்திருக்க வேண்டும். 1132-இல் யார்க் நகரின் செயின்ட் மேரி மடத்திலிருந்து 13 துறவிகள் வெளியேறினார்கள். அங்கே வாழ்க்கை வசதியாகிவிட்டது, விதிகள் தளர்ந்துவிட்டன என்பது அவர்கள் வருத்தம். யார்க் பேராயர் தர்ஸ்டன் அவர்களுக்கு ஸ்கெல் ஆற்றங்கரையில் இந்தப் பள்ளத்தாக்கைக் கொடுத்தார். அப்போது இங்கே வீடு வாசல் எதுவும் கிடையாது. முதல் குளிர்காலத்தை ஒரு எல்ம் மரத்தடியில் கழித்ததாக மடத்தின் பழைய வரலாறு சொல்கிறது. இங்கிருந்த நீரூற்றுகளால்தான் ஃபவுண்டன்ஸ் என்ற பெயர். பிறகு சிஸ்டர்சியன் சபையில் சேர்ந்தார்கள், ஆடு வளர்த்தார்கள். கம்பளி வியாபாரம் மடத்தை இங்கிலாந்தின் பெரிய பணக்கார மடங்களில் ஒன்றாக்கியது. 1539-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் மூடப்பட்டது. கூரையில் இருந்த ஈயத்தைப் பிரித்து எடுத்தார்கள். கூரை போனால் கட்டடத்துக்கு ஆயுள் ஏது?

பயணம் எளிதுதான். லீட்ஸ் அல்லது ஹாரோகேட் வரை ரயில், அங்கிருந்து 36-ஆம் எண் பேருந்தில் ரிப்பன். கடைசிச் சில கிலோமீட்டருக்கு டாக்சி பிடிப்பது நிம்மதி. இடத்தைப் பராமரிப்பது நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை. உறுப்பினர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்குக் கட்டணம் உண்டு. திறந்திருக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புல் எப்போதும் ஈரமாக இருக்கும், ஆகவே நன்றாகப் பிடிப்புள்ள ஷூ அவசியம். குறைந்தது நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

முதலில் தேவாலயம்

பார்வையாளர் மையம் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து சரிவில் இறங்கி வந்தால் நேராகத் தேவாலயத்தின் மேற்கு வாசலுக்குப் போய்விடுங்கள். வழியில் எதுவும் உங்களை இழுக்க விடாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கமும் பருத்த தூண்கள் வரிசையாக நிற்கும். நீங்கள் நிற்கும் மேற்குப் பாதி உழைப்புத் துறவிகளுக்கு உரியது. இவர்கள் ஆடு மேய்த்தார்கள், கல் செதுக்கினார்கள், தோல் பதனிட்டார்கள். கிழக்குப் பாதி, வழிபாடுகளைப் பாடி நடத்திய பாடகர் துறவிகளுக்கு. ஒரே கூரையின் கீழ் இரண்டு கூட்டம், நடுவில் தடுப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே போனதும் உதவும்.

கல்லின் வயதைக் கண்ணாலேயே ஓரளவு கணிக்கலாம். அரைவட்ட ஜன்னல், தடித்த சுவர் என்றால் 12-ஆம் நூற்றாண்டு. ஒல்லியாக, உயரமாக, கூர்நுனியோடு இருந்தால் 13. சுவரையே விழுங்கிவிட்டது போன்ற அகலமான ஜன்னல் என்றால் 15 அல்லது அதற்குப் பிறகு. கிழக்கு முனையில் ஒன்பது பலிபீடக் கூடம் என்ற பகுதிக்குப் போனால், 13-ஆம் நூற்றாண்டின் ஒல்லித் தூண்களும் 15-ஆம் நூற்றாண்டின் பெரிய ஜன்னலும் ஒரே இடத்தில் தெரியும்.

அங்கே அவசரப்படாதீர்கள். ஒரு ஜன்னலின் மேல் வளைவில் விரிசல் விட்டிருக்கிறது, அந்த விரிசலைச் சிற்பம் செதுக்கிய ஒரு கல்லால் அடைத்திருக்கிறார்கள். உள்ளே நின்று பார்த்தால் அந்தக் கல்லில் ஒரு தேவதை. வெளியே சுற்றி வந்து அதே இடத்தை அண்ணாந்து பார்த்தால் வாயிலிருந்து கொடி புறப்படும் ஒரு முகம், பச்சை மனிதன் என்பார்கள். ஒட்டுப்போட்ட இடத்தைக்கூட இத்தனை அக்கறையாகச் செய்திருக்கிறார்கள். இந்த மடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கல் இதுதான்.

இப்போது முற்றம்

தேவாலயத்தின் தெற்குப் பக்கம் சதுரமான புல்வெளி ஒன்று இருக்கும். அதுதான் முற்றம். அந்தக் காலத்தில் அதன் நான்கு பக்கமும் கூரை போட்ட தாழ்வாரம் ஓடியது. நடுவில் நின்று தேவாலயத்தை, அதாவது வடக்கைப் பாருங்கள். அப்புறம் மெதுவாக வலப்பக்கம் திரும்புங்கள்.

கிழக்கே மூன்று அரைவட்ட வாசல்கள் பக்கம் பக்கமாகத் தெரிகின்றனவா? அது கூட்ட மண்டபம். புனித பெனடிக்ட் எழுதிய விதிநூலிலிருந்து தினமும் ஓர் அதிகாரம் இங்கே வாசிக்கப்பட்டது. மடாதிபதிகளையும் இங்கேதான் புதைத்தார்கள். அதற்கு மேல்மாடியில் துறவிகள் தூங்கினார்கள். நள்ளிரவு வழிபாட்டுக்கு மாடியிலிருந்து நேராகத் தேவாலயத்துக்குள் இறங்கப் படிக்கட்டு இருந்தது.

தெற்கே வயிற்றுக்கும் உடம்புக்கும் உரியவை. முதலில் குளிர்காயும் அறை. உள்ளே போய் அதன் பிரமாண்டமான அடுப்பைப் பாருங்கள். பனி விழும் பள்ளத்தாக்கில் துறவிகள் உடம்பைச் சூடாக்கிக்கொண்ட இடம் அது. அடுத்து உணவுக்கூடம், அதற்கு அப்பால் சமையலறை. உணவுக்கூடத்தின் மேற்குச் சுவருக்குள்ளேயே சில படிகள் ஏறும். எல்லோரும் வாய் திறக்காமல் சாப்பிடும்போது ஒருவர் அங்கே ஏறி நின்று வாசிப்பார்.

மேற்கே இருப்பது உழைப்புத் துறவிகளின் பகுதி. கீழ்த்தளம் சேமிப்புக் கிடங்காகவும் அவர்கள் சாப்பிடும் இடமாகவும் இருந்தது. மேலே படுத்தார்கள். 90 மீட்டருக்கும் மேல் நீளம், நடுவில் ஒரே வரிசைத் தூண்கள். ஒவ்வொரு தூணிலிருந்தும் கல் விலாக்கள் தென்னை மட்டை போல இரண்டு பக்கமும் விரிந்து கூரையைத் தாங்குகின்றன. மற்ற கூரைகள் போன பிறகும் இது நிற்கிறது. உள்ளே வௌவால்கள் குடியிருக்கின்றன, அதனால் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

பார்த்தீர்களா, ஒரு சதுரத்தைச் சுற்றி வந்ததில் மடத்தின் ஒரு நாள் முழுவதும் வந்துவிட்டது. வேறு மடங்களிலும் பெரும்பாலும் இதே அமைப்புதான். ஆற்றின் போக்கைப் பொறுத்து முற்றம் பக்கம் மாறலாம். வேல்ஸில் உள்ள டின்டர்னில் அது தேவாலயத்துக்கு வடக்கே இருக்கிறது.

தண்ணீரைத் தேடுங்கள்

பலரும் விட்டுவிடும் இடம் இது. தெற்குப் பக்கம் போய்க் கீழே எட்டிப் பாருங்கள். ஸ்கெல் ஆற்றைக் கல் சுரங்கங்களில் அடக்கி, அதன் மேலேயே கட்டடத்தை நீட்டியிருக்கிறார்கள். உழைப்புத் துறவிகளின் கழிப்பறை ஆற்றின் மேல் அமைந்தது, அடித்துக்கொண்டு போகும் வேலை தண்ணீருடையது. கொஞ்சம் தள்ளி 12-ஆம் நூற்றாண்டின் தானிய ஆலையும் நிற்கிறது. அதை ஓட்டியதும் இதே ஆறுதான்.

கோபுரம், அப்புறம் தோட்டம்

தேவாலயத்தின் வடக்குப் பக்கம் சுமார் 50 மீட்டர் உயரத்தில் நிற்பது மடாதிபதி மார்மடியூக் ஹியூபி எழுப்பிய கோபுரம். ஆரம்பகாலச் சிஸ்டர்சியன் விதி கல்லால் மணிக்கோபுரம் கட்டக் கூடாது என்றது. எளிமை தேடி யார்க்கை விட்டு வந்தவர்களின் வாரிசுகள் மூன்றரை நூற்றாண்டு கழித்து இதைக் கட்டினார்கள். சுவரைச் சுற்றி ஓடும் லத்தீன் எழுத்துகளில், கடவுள் ஒருவருக்கே மகிமை என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது.

இனி ஆற்றோடு கிழக்கே நடந்தால் ஸ்டட்லி ராயல் தோட்டம். ஸ்டட்லி ராயல் எஸ்டேட்டின் உரிமையாளர் ஜான் ஐஸ்லபி 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய நீர்த்தோட்டம் இது. அவர் மகன் வில்லியம் 1767-இல் இடிபாடுகளையும் வாங்கித் தோட்டத்தோடு சேர்த்தார். மடத்தையும் தோட்டத்தையும் சேர்த்து 1986-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தோட்டம் வழியாக வந்து மடத்தைக் கடைசியில் பார்ப்பவர்களும் உண்டு. முதல் தடவை வருபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மடத்தை முடித்துவிட்டு, தோட்டத்து மேட்டில் ஆன் போலின் இருக்கை என்று சொல்லும் இடத்துக்கு ஏறுங்கள். மரங்களுக்கு நடுவே, வளையும் ஆற்றின் கடைசியில் மொத்த மடமும் தெரியும். அங்கே உட்கார்ந்து, இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு சுவருக்கும் பெயர் சொல்லிப் பாருங்கள்.