கேமல் முகத்துவாரத்தில் கயாக், போல்செத்தில் சர்ஃபிங்: ஓத அட்டவணையிலிருந்து குறிப்பேடு வரை

இங்கிலாந்தின் வடக்கு கார்ன்வாலில் கேமல் ஆறு கடலைச் சேரும் இடம், கயாக்கும் சர்ஃபிங்கும் புதிதாகப் பழகுபவர்களுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. ஆற்றின் முகத்துவாரத்தில் கயாக் ஓட்டலாம். அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, போல்செத் கடற்கரையின் தட்டையான மணலில் அலையேறப் பழகலாம். போகிற போக்கில் பார்த்ததை எழுதிவைக்கவும் இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இந்த ஊரே வேறு ஊராகிவிடுகிறது.

கடல்நீர் ஏறி வற்றும் ஓதம் தரும் அந்த மாற்றத்தைப் படிக்கத் தெரிந்தால் எந்த நாளில் துடுப்பு, எந்த நாளில் பலகை என்று குழம்ப வேண்டியதில்லை. கடலே சொல்லிவிடும்.

படி 1: பேட்ஸ்டோ ஓத அட்டவணையைப் படியுங்கள்

முகத்துவாரக் கரையில் உள்ள பேட்ஸ்டோ துறைமுகத்தின் ஏற்ற, வற்ற நேரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் கடல் வரைபடங்களை வெளியிடும் அட்மிரால்டியின் ஈஸிடைட் இணையதளத்தில் அடுத்த ஏழு நாள்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். உள்ளூர்க் கடைகளில் ஆண்டு முழுவதற்குமான சிறு கையேடும் விற்பார்கள். கையேட்டில் முதலில் பார்க்க வேண்டியது, நேரம் ஜிஎம்டியில் (கிரீன்விச் நேரத்தில்) உள்ளதா, கோடைகால நேரத்தில் உள்ளதா என்பது. ஜிஎம்டி என்றால் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இதை மறந்தவர்கள்தான் வற்றிய ஆற்றின் நடுவே மணலில் உட்கார்ந்திருப்பார்கள்.

அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் பெரிய ஓதம் வரும். அப்போது பேட்ஸ்டோவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 6.5 மீட்டர் வித்தியாசம். அரைநிலாவை ஒட்டி வரும் சிறிய ஓதத்தில் இது சுமார் 3 மீட்டர்தான். இங்கே இன்னொரு விசேஷம் உண்டு. பெரிய ஓத நாள்களில் முழு ஏற்றம் காலையிலும் மாலையிலும் 6, 7 மணியை ஒட்டி வருவதால் நண்பகலில் கடல் வற்றிக் கிடக்கும். சிறிய ஓத நாள்களில் முழு ஏற்றமே நண்பகலை ஒட்டி வரும்.

ஆகவே பகல் பொழுதுக்கான கணக்கு இது: சிறிய ஓதம் என்றால் கயாக். ஆற்றில் தண்ணீர் இருக்கும், ஓட்டமும் மெதுவாக இருக்கும். பெரிய ஓதம் என்றால் சர்ஃப். போல்செத்தில் மணல் அகலமாக விரிந்திருக்கும்.

ஏற்றம் ஒரே சீராக வராது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால், ஆறு மணி நேரத்தில் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும். பெரிய ஓதத்தில் மூன்றாவது மணி நேரத்தில் மட்டும் தண்ணீர் 1.6 மீட்டர் உயரும். நீரோட்டமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். இந்தக் கணக்கைக் கடற்கரை முழுவதற்கும் பொதுவாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கிலாந்தின் தென்கரையில் பூல், சௌத்தாம்ப்டன் பக்கம் ஏற்றம் உச்சியிலேயே நெடுநேரம் நிற்கும் அல்லது இரண்டு முறை வரும். பன்னிரண்டின் கணக்கு அங்கே செல்லாது.

படி 2: காற்றும் அலையும்

பிரிட்டனின் வானிலை நிறுவனமான மெட் ஆஃபீஸ் வெளியிடும் கரையோரக் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள். நகரத்துக்கான வானிலைச் செய்தி இதற்கு உதவாது. காற்றின் பலத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 3 வரை, அதாவது 7 முதல் 10 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வரை, புதியவர் கயாக்கில் சமாளிக்கலாம். 4 என்று போட்டிருந்தால் அன்று கரையிலேயே இருந்து எழுதுங்கள். புதியவரின் துடுப்பு வேகம் 2 முதல் 3 நாட்தான். எதிர்க்காற்று அதில் பாதியைத் தின்றுவிடும்.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுதான் ஏமாற்றும். கரையோரத் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். வெளியே போகப்போகத்தான் காற்றின் பலம் தெரியும், திரும்பி வரும்போது அது முகத்தில் அறையும்.

அலைக்கு உயரம் மட்டும் பார்த்தால் போதாது, அலைக்கும் அலைக்கும் இடையிலான விநாடிகளையும் பார்க்க வேண்டும். 8 விநாடி இடைவெளியில் வரும் 1 மீட்டர் அலையைவிட 14 விநாடியில் வரும் 1 மீட்டர் அலை அதிக ஆற்றலைச் சுமந்து வருகிறது, கரையில் உயர்ந்து உடைகிறது. முதல் சில நாள்களுக்கு முழங்கால் முதல் இடுப்பு வரையிலான அலை போதும்.

படி 3: உடை, கருவிகள்

வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரைப் பார்த்து உடுத்துங்கள். இங்கே பிப்ரவரி, மார்ச்சில் கடல் 9 அல்லது 10 டிகிரி செல்சியஸ். ஆகஸ்ட், செப்டம்பரில்கூட 16, 17தான். 15 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் திடீரென விழுந்தால் மூச்சு கட்டுக்கடங்காமல் இழுக்கும். அந்த நேரத்தில் நீந்த முயல்வது ஆபத்து. மல்லாந்து, காதுகள் தண்ணீரில் அமிழ, கைகால்களை லேசாக அசைத்து மிதந்தபடி ஓரிரு நிமிடம் காத்திருந்தால் மூச்சு அடங்கும். அதன் பிறகு அடுத்த வேலை. ஆர்என்எல்ஐ உயிர்காப்பு நிறுவனம் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

கோடைக்கு 3/2 மில்லிமீட்டர் வெட்சூட் (உடம்புப் பகுதியில் 3, கைகால்களில் 2 மில்லிமீட்டர் தடிமன்), வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் 4/3, குளிருக்கு 5/4, கூடவே கையுறை, தலைமூடி.

கயாக்குக்கு 50 நியூட்டன் மிதவை அங்கி (நியூட்டன் என்பது மிதக்கவைக்கும் விசையின் அளவு). தானாகக் காற்றடைத்துக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட் இதற்கு ஒத்துவராது. அது உப்பிவிட்டால் படகில் திரும்ப ஏறுவது பெரும் பாடு. நீர்புகா உறையில் போன், அதை அங்கியிலேயே மாட்டி வையுங்கள். படகில் வைத்த போன் படகோடு போய்விடும். கையடக்க விஎச்எஃப் ரேடியோ இருந்தால் இன்னும் நல்லது. அதை வழக்கமாகப் பயன்படுத்த இயக்குநர் சான்றிதழ் வேண்டும். உயிராபத்தில் யாரும் பேசலாம், சேனல் 16. போனில் என்றால் 999 அழைத்து “கோஸ்ட்கார்ட்” என்று கேளுங்கள்.

படி 4: கயாக்கில் உட்காரும் முன்

கடல் கயாக் சுமார் 5 மீட்டர் நீளம், 55 சென்டிமீட்டர் அகலம். முன்னும் பின்னும் தடுப்புச் சுவரால் அடைத்த அறைகள் இருப்பதால் கவிழ்ந்தாலும் மூழ்காது. மூடிகள் சரியாக அழுந்தியிருக்கின்றனவா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒரு முனை தூக்கியிருந்தாலும் ஒரு மணி நேரத்தில் உள்ளே தண்ணீர் சேரும்.

கால்தாங்கியை, முழங்கால் இரண்டும் மேல்தட்டின் அடிப்பக்கத்தைத் தொடும்படி சரிசெய்யுங்கள். உட்காரும் குழியைத் தண்ணீர் புகாமல் மூடும் ஸ்ப்ரே டெக்கைப் பின்பக்கம் தொடங்கி முன்பக்கமாக மாட்டி, முன்னால் உள்ள இழுவைப் பட்டை வெளியே தெரிகிறதா என்று கண்ணால் பார்த்து, கையால் தொட்டு உறுதிசெய்யுங்கள். அது உள்ளே மடங்கிக்கொண்டால் தலைகீழாகத் தொங்கும்போது திறக்க வழி தெரியாது. பட்டையை முன்னே தள்ளி மேலே இழுத்து, இடுப்பின் இரு பக்கமும் கையூன்றி வெளியே வரும் பயிற்சியை, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, நெஞ்சளவு தண்ணீரில் செய்து பழகிய பிறகே புறப்பட வேண்டும். பிரிட்டனின் துடுப்பு விளையாட்டு அமைப்பான பேடில் யுகேயின் தகுதி பெற்ற பயிற்சியாளர்கள் இந்தப் பகுதியிலேயே கிடைப்பார்கள். இது அச்சமாக இருந்தால் தட்டின்மேல் உட்காரும் கயாக்கில் தொடங்குங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை.

துடுப்பைக் கையால் இழுத்தால் அரைமணி நேரத்தில் தோள் வலிக்கும். அலகைப் பாதத்துக்கு நேராக இறக்கி, இடுப்புக்கு நேராக எடுங்கள். உடல் திரும்ப வேண்டும், கை அதைத் தொடர்ந்தால் போதும்.

படி 5: முதல் பயணம், ராக்கிலிருந்து உள்நோக்கி

முழு ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு, பேட்ஸ்டோவுக்கு எதிர்க்கரையில் உள்ள ராக் என்ற ஊரின் கரையில் இறங்கி, ஆற்றின் மேல்பக்கம் உள்ள வேட்பிரிட்ஜ் ஊரின் திசையில் உள்நோக்கிச் செல்லுங்கள். ஏற்றத்தோடு போவதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: களைத்தாலும் கவிழ்ந்தாலும் தண்ணீர் உங்களை நிலத்துப் பக்கம்தான் கொண்டுபோகும். ஏற்றம் நின்றதும், எங்கே இருந்தாலும் திரும்புங்கள். வேட்பிரிட்ஜ் பாலம்வரை போயே தீர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். சிறிய ஓதத்தில் அங்கே தண்ணீர் மெலிந்துவிடும், வற்றத்தில் சேறு மட்டுமே மிஞ்சும். அந்தச் சேற்றில் நடக்க முடியாது.

ஓட்டம் எந்தப் பக்கம் என்று தெரிய, நங்கூரமிட்ட படகுகளைப் பாருங்கள். அணியம், அதாவது படகின் முன்முனை, கடலைப் பார்த்திருந்தால் ஏற்றம், உள்நாட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தால் வற்றம். காற்று பலமாக இருந்தால் படகுகள் பொய் சொல்லும். அப்போது மிதவைகளைப் பாருங்கள், அவை சாயும் பக்கம் ஓட்டம் போகிறது.

திரும்பும்போது ஓட்டம் கடலை நோக்கி இருக்கும். ராக் உங்கள் வலக்கரை. வெகு முன்பாகவே அந்தக் கரையை ஒட்டிவிடுங்கள். கட்டியிருக்கும் படகுக்கு முன்பக்கமாக, அதாவது ஓட்டம் வரும் பக்கமாகக் குறுக்கே போகாதீர்கள். ஓட்டம் கயாக்கை அதன் கயிற்றில் அழுத்திக் கவிழ்த்துவிடும். பேட்ஸ்டோவுக்கும் ராக்குக்கும் நடுவே ஓடும் பயணிகள் படகுக்கு வழிவிட்டு நில்லுங்கள்.

ஓட்டத்தைக் குறுக்கே கடக்க வேண்டுமென்றால் அணியத்தை நேர் எதிர்க்கரைக்கு வைக்காமல், ஓட்டம் வரும் திசைக்குச் சற்றுத் திருப்பி வைத்துத் துடுப்பு போடுங்கள். எதிர்க்கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் பிடியுங்கள், ஒரு மரமும் அதற்குப் பின்னால் ஒரு வீட்டுக் கூரையும் போதும். மரம் கூரையை விட்டு விலகினால் நீங்கள் அடித்துச் செல்லப்படுகிறீர்கள்.

எல்லை எது? டேமர் விரிகுடாவைத் தாண்டாதீர்கள். அங்கே டூம் பார் மணல்திட்டு கிடக்கிறது. பல நூற்றாண்டுகளாகக் கப்பல்களை விழுங்கிய இடம் அது. வெளியே ஓடும் வற்றமும் உள்ளே வரும் அட்லாண்டிக் அலையும் அந்த ஆழமற்ற மணலின்மேல் மோதும்போது அலை செங்குத்தாக எழுந்து உடையும். கரையிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைக் கோடு. அதன் நடுவில் ஐந்து மீட்டர் கயாக்கைத் திருப்பவே முடியாது.

படி 6: போல்செத்தில் பலகை

8 அடி ஃபோம் போர்டு, எடை 80 கிலோவுக்கு மேல் என்றால் 9 அடி. கடினமான சிறிய பலகை அழகாக இருக்கும், ஆனால் புதியவரைத் தாங்காது. பலகையின் கயிற்றை, நிற்கும்போது பின்னால் இருக்கும் காலில் கட்டுங்கள்.

சீசனில் உயிர்காப்புக் காவலர்கள் இருப்பார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடிகளுக்கு நடுவே சர்ஃப் பலகைகளுக்கு இடம். சிவப்பு மஞ்சள் கொடி குளிப்பவர்களுக்கு, அங்கே கடினப் பலகையோடு போகக்கூடாது. சிவப்புக் கொடி மட்டும் பறந்தால் யாரும் இறங்கக்கூடாது. நடு ஓதத்திலிருந்து வற்றம் வரை நல்ல நேரம். பெரிய ஓதத்தின் உச்சியில் கடற்கரையே காணாமல் போகும், மணலில் நிறுத்திய கார்களையும் கடல் எட்டிவிடும். நேரம் பார்த்து எடுத்துவிடுங்கள்.

இடுப்பளவு தண்ணீரில், உடைந்து வரும் வெள்ளை நுரையில் தொடங்குங்கள். படுத்தால் பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேல் இரண்டு மூன்று விரல் நிற்க வேண்டும். முன்னால் அதிகம் தள்ளிப் படுத்தால் மூக்கு குத்தும்; பின்னால் அதிகம் படுத்தால் அலை உங்களை விட்டுவிட்டுப் போகும். அலை நான்கு மீட்டர் தூரத்தில் வரும்போதே கைகளால் துழாவத் தொடங்கி, அது தூக்கிய பிறகும் இரண்டு முறை துழாவுங்கள். பிறகு கைகளை விலாவுக்கு அருகே ஊன்றி ஒரே வீச்சில் எழுங்கள். முழங்காலில் நின்று எழப் பழகினால் அந்தப் பழக்கத்தை விடுவது கடினம்.

பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவே பிடிக்காதீர்கள், பக்கவாட்டில் வையுங்கள். விழுந்தால் தட்டையாக விழுந்து, தலையைக் கைகளால் மூடி எழுங்கள்.

கோடையில் வற்ற நேரத்து மணலுக்குள் வீவர் மீன் புதைந்து கிடக்கும். அதன் முதுகு முள் பாதத்தில் குத்தினால் வலி உயிர்போகும். தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை அரைமணி நேரமாவது வையுங்கள், விஷம் சூட்டில் செயலிழக்கும். நியோப்ரீன் காலணி போட்டால் பெரும்பாலும் தப்பலாம்.

படி 7: எழுதுவது எப்படி

நீர்புகா தாள் குறிப்பேடு, பென்சில், இரண்டையும் இணைக்கும் கயிறு. மை பேனா ஈரத்தாளில் எழுதாது, ஈர விரலுக்குப் போன் திரை பணியாது. ஓடும் தண்ணீரில் எழுதாதீர்கள். இரு கையும் துடுப்பில் இருக்க வேண்டும். மணலில் அணியத்தை ஏற்றிவிட்டு, விரல் விறைக்கும் முன் எழுதுங்கள். சர்ஃப் நாளில் கரையேறி, வெட்சூட்டைக் கழற்றும் முன்பே எழுதிவிடுவது நல்லது.

நேரம் முதலில். பிறகு இடம், ஓட்டம், காற்று உடலின் எந்தப் பக்கம் பட்டது, அதன் பிறகு கண்டதும் கேட்டதும். “கடல் அழகாக இருந்தது” என்ற வரியால் மறுநாள் உங்களுக்கே பயனில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

“11.20. ராக்குக்கு மேலே. மிதவைகள் உள்நோக்கிச் சாய்கின்றன, முன்பைவிடக் குறைவாக. தென்மேற்குக் காற்று வலத் தோளில். தண்ணீர் பச்சையிலிருந்து தேயிலை நிறத்துக்கு மாறிவிட்டது. மூன்று வெண்கொக்குகள் ஒரே காலில். கரையில் சைக்கிள் மணிச் சத்தம்.”

சைக்கிள் மணி, பேட்ஸ்டோவிலிருந்து வேட்பிரிட்ஜ் வரை பழைய ரயில் பாதையில் போகும் கேமல் டிரெயில் என்ற சைக்கிள் பாதையிலிருந்து கேட்பது. பயணத்தை எழுதும்போது வாசகரை அந்தத் தண்ணீரில் இறக்குவது இம்மாதிரிச் சத்தம்தான். அதோடு, சாய்வு குறைந்தது என்ற குறிப்பு, ஏற்றம் எப்போது தளரத் தொடங்கியது என்பதற்குப் பதிவாகிவிடுகிறது. முழு ஏற்றத்தின்போது கரைப்பறவைகள் கூட்டமாக ஒதுங்கி நிற்கும். அவற்றைப் பார்த்து எழுத நெருங்கிப் போகாதீர்கள். தலை தூக்கிப் பார்க்கத் தொடங்கினாலே நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள்.

வீடு திரும்பியதும் வெட்சூட், அங்கி, மூடிகளின் ரப்பர் ஓரம் எல்லாவற்றையும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். அவை காய்வதற்குள் குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் முன்னறிவித்த காற்றையும் ஓத நேரத்தையும் எழுதி, இடப்பக்கத்தில் நீங்கள் கண்டதோடு ஒப்பிடுங்கள். எங்கே மாறுபடுகிறதோ அந்த இடத்தை வரைபடத்தில், ஓஎஸ் (ஆர்ட்னன்ஸ் சர்வே) எக்ஸ்ப்ளோரர் 106இல், பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். அடுத்த முறை அந்த வளைவை நெருங்கும்போது கரையை ஒட்டிப் போங்கள்.