டர்பனில் வேலை பார்க்கிறீர்களா? ஏப்ரலுக்கு முன் இதைச் செய்து வையுங்கள்

ஒழுங்காக வேலை செய்தால் மேலே இருப்பவர்கள் பார்த்து உயர்த்திவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு ஒரே நாற்காலியில் வருடக்கணக்கில் இருப்பவர்கள் நம்மவர்களில் நிறைய பேர். டர்பனில் நம்மவர்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு இதில்தான் வந்து நிற்கும். "எனக்கு அப்புறம் வந்த பையன் சூப்பர்வைசர் ஆகிட்டான் அண்ணே." இப்படிப் புலம்பும் தம்பி சோம்பேறி கிடையாது. அவன் என்ன செய்தான் என்பது எழுத்தில் எங்கேயும் இல்லை, அவ்வளவுதான்.

நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் (சரக்கைச் சுங்கத்தில் விடுவித்து அனுப்பிவைக்கும்) அலுவலகத்தில் கோப்பு எடுத்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்து, இப்போது இறக்குமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் நான் செய்து பார்த்தவை. சிவி எழுதுவது, நேர்முகத்துக்குச் சட்டை தேய்த்துப் போட்டுப் போவது பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் அங்கேயே வளர்வது எப்படி என்பது மட்டும்தான்.

படி 1: ஒரு பதிவேடு தொடங்குங்கள்

வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்த வாரம் நீங்கள் செய்ததில் சொல்லத் தகுந்தது ஒன்றோ இரண்டோ இருந்தால் எழுதுங்கள். ஒன்றுமே இல்லாத வாரமும் வரும், விட்டுவிடலாம்.

எதில் எழுதுவது? இதற்கென்று செயலிகள் நிறைய இருக்கின்றன, எனக்கு அவற்றில் ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரு சாதாரண எக்செல் தாள் போதும்: தேதி, நிலைமை, நான் செய்தது, விளைவு, ஆதாரம் என்று ஐந்து பத்தி. ஃபோனில் கூகுள் ஷீட்ஸ் வைத்திருந்தாலும் சரி. கையால் எழுதினால்தான் மனசு ஓடும் என்பவர்கள் நோட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் நோட்டில் தேட முடியாது. எதில் எழுதினாலும் அது உங்கள் சொந்தப் பொருளாக இருக்கட்டும். கம்பெனி லேப்டாப்பில் மட்டும் வைத்திருந்தால், வேலையை விட்டுப் போகும் நாளில் லேப்டாப்போடு அதுவும் போய்விடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர் பெயர், ஐடி எண், விலை விவரம் எதையும் சொந்தப் பதிவேட்டில் எழுதாதீர்கள், கம்பெனி மின்னஞ்சல்களை உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்பியும் வைக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் போப்பியா என்று தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2013-ல் இயற்றியது, 2021 ஜூலையிலிருந்து கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. "ஒரு ஜவுளி இறக்குமதியாளர்" என்று எழுதினால் போதும். ஆதாரம் என்ற பத்தியில் மின்னஞ்சலின் தேதியையும் தலைப்பையும் குறித்து வையுங்கள், மின்னஞ்சல் அலுவலகத்திலேயே இருக்கட்டும்.

படி 2: அந்த ஒரு வரியை எழுதுவது

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான், என்னிடம் கேட்டு வருகிற எல்லோரும் தடுமாறுவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் எழுதுவது இப்படி இருக்கும்: "இறக்குமதிக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டேன். வாடிக்கையாளர்களிடம் பேசினேன்." இது வேலை விவரம். உங்கள் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இதையேதான் எழுதுவார்கள். மேனேஜர் இதைப் படித்தால் அவருக்குப் புதிதாக ஒன்றும் தெரியாது.

அதே வாரத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: "ஜவுளி கன்டெய்னர் ஒன்று. இன்வாய்ஸில் ஒரு எடை, பேக்கிங் லிஸ்டில் வேறு எடை. கப்பல் டர்பன் வருவதற்கு முன்பே கவனித்து, அனுப்பியவரிடம் கேட்டுத் திருத்திய இன்வாய்ஸ் வாங்கினேன். சுங்கத்தில் கேள்வி வரவில்லை, இலவச நாட்களுக்குள்ளேயே பெட்டி வெளியே வந்தது, டெமரேஜ் (தாமதக் கட்டணம்) இல்லை."

இதில் பெரிய சாகசம் எதுவும் இல்லை, ஆனால் கவனித்தது நீங்கள். கவனிக்காமல் விட்டிருந்தால் பெட்டி துறைமுகத்தில் கிடந்து நாளுக்கு நாள் பணம் ஏறியிருக்கும். நடக்காமல் தடுத்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அலுவலகங்களில் கவனமாக வேலை செய்பவர்கள் கண்ணில் படாமல் போவதற்கு முக்கியக் காரணமே இதுதான் என்பேன்.

எழுதும்போது உங்களையே நாலு கேள்வி கேளுங்கள். நிலைமை என்ன? நான் கையை வைத்தது எதில்? நான் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? இது வேறு யாருக்குத் தெரியும்? நாலாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள், பிறகு மேனேஜர் சந்தேகப்பட்டால் "அன்றைக்கு டெபாட்டில் இருந்த அக்காவிடம் கேளுங்கள்" என்று சொல்ல முடியும்.

தற்பெருமை மாதிரி இருக்கிறதே என்று கூச்சப்படுபவர்கள் உண்டு. வீட்டில் நம்மை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். கூச்சம் வந்தால் உங்களுக்கு உதவியவர் பெயரையும் அதே வரியில் சேர்த்து எழுதுங்கள், "எடை மாறுபாட்டை முதலில் சொன்னது கிடங்குத் தம்பி, இன்வாய்ஸ் வாங்கியது நான்" என்று. இப்படி எழுதினால் பொய்யும் இல்லை, பெருமையடிப்பதும் இல்லை. அந்தத் தம்பியின் பெயர் மேனேஜர் காதில் விழுவதும் அவனுக்கு நல்லதுதானே.

எண் தெரிந்தால் எண் போடுங்கள், தெரியாவிட்டால் கற்பனை செய்யாதீர்கள். "பல மடங்கு முன்னேற்றம்" என்று எழுதிவிட்டு எவ்வளவு என்று கேட்டால் விழிப்பதைவிட, "அதற்குப் பிறகு அந்த வாடிக்கையாளரிடமிருந்து புகார் வரவில்லை" என்று எழுதுவது பலமானது.

மொழி? தமிழில் எழுதுங்கள், ஆங்கிலம் கலந்தும் எழுதுங்கள், யாரும் படிக்கப் போவதில்லை. சிவிக்கு எடுக்கும்போது ஆங்கிலமாக்கிக்கொள்ளலாம்.

படி 3: அடுத்த படிக்கட்டு எது என்று பாருங்கள்

உங்கள் அலுவலகத்தில் நீங்கள் அடைய விரும்பும் பதவியின் வேலை விவரத்தை எச்.ஆரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தப்பே இல்லை. கிடைக்காவிட்டால் அதே பதவிக்கு வேறு கம்பெனிகள் கொடுக்கும் விளம்பரங்கள் நாலைந்தை எடுத்து வைத்து, எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவதை அடிக்கோடிடுங்கள். பிறகு உங்கள் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது இருக்கிறது, எது இல்லை என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

படிப்பு குறைகிறது என்றால் இந்த நாட்டின் தகுதி அளவுகோலைத் தெரிந்துகொள்ளுங்கள். என்.க்யூ.எஃப் என்பார்கள், மொத்தம் 10 நிலை. மெட்ரிக் (இங்கே பள்ளியின் கடைசி வகுப்பு) 4, ஹையர் சர்டிஃபிகேட் 5, டிப்ளமா 6, இளங்கலைப் பட்டம் 7, ஆனர்ஸ் 8, முதுகலை 9, முனைவர் பட்டம் 10. எந்தக் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்பும் அது பதிவு பெற்றதா, எந்த நிலை என்று சாக்வா (தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையம்) இணையதளத்தில் தேடிப் பாருங்கள். அட்டை மாதிரி கெட்டியான சான்றிதழ் கொடுத்துவிட்டு என்.க்யூ.எஃப்பில் எங்கேயும் இல்லாத கோர்ஸ்கள் உண்டு. இந்தியாவிலோ இலங்கையிலோ படித்துவிட்டு வந்தவர்கள் சாக்வாவில் மதிப்பீட்டுக் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது, உங்கள் பட்டம் இங்கே எந்த நிலைக்கு வருகிறது என்று அதில் இருக்கும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க யூனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) என் முதல் தேர்வு, 1946 முதல் தபால் வழிக் கல்வி நடத்திய அனுபவம் அதற்கு இருக்கிறது. ஆனால் தனியாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் வேண்டும்.

படி 4: கம்பெனியிடம் பயிற்சி கேட்பது, அதுவும் நேரத்தோடு

தலைப்பில் ஏப்ரல் என்று சொன்னது இதற்காகத்தான்.

வருடச் சம்பளப் பட்டுவாடா 5,00,000 ராண்டைத் தாண்டும் ஒவ்வொரு கம்பெனியும் அதில் 1 சதவீதத்தைத் திறன் வளர்ச்சி வரியாகக் கட்ட வேண்டும். 1999-ன் சட்டம். அரசின் வரித்துறையான சார்ஸ் வசூலித்து, பெரும்பகுதியை அந்தந்தத் துறையின் பயிற்சியைக் கவனிக்கும் அமைப்பான செட்டாவுக்கு அனுப்புகிறது. போக்குவரத்துக்கும் எங்கள் கிளியரிங் தொழிலுக்கும் டெட்டா, வங்கிகளுக்குப் பேங்க்செட்டா, பட்டறை, உற்பத்தித் தொழில்களுக்கு மெர்செட்டா. கட்டிய வரியில் 20 சதவீதம் கம்பெனிக்கே திரும்பி வரும், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: அடுத்த வருடம் யாருக்கு என்ன பயிற்சி கொடுக்கப் போகிறோம் என்ற திட்டத்தையும், போன வருடம் கொடுத்த பயிற்சியின் அறிக்கையையும் ஏப்ரல் 30-க்குள் செட்டாவுக்குக் கொடுக்க வேண்டும்.

அதாவது வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் பயிற்சிப் பட்டியல் ஒன்றை நிரப்பிக்கொண்டிருப்பார். அவரை எஸ்.டி.எஃப் (திறன் வளர்ச்சி ஒருங்கிணைப்பாளர்) என்று அழைப்பார்கள். பெரிய கம்பெனியில் எச்.ஆரில் இருப்பார், சின்ன கம்பெனியில் வெளியிலிருந்து வரும் ஆலோசகராக இருக்கலாம். நம்மவர்கள் ஜூலை, ஆகஸ்டில் போய் "எனக்கு ஒரு கோர்ஸ் வேண்டும்" என்று கேட்பார்கள், "பட்ஜெட் முடிந்துவிட்டது" என்று பதில் வரும். ஜனவரியில் கேட்டால் அவரே பட்டியலுக்குப் பெயர் தேடிக்கொண்டிருப்பார்.

அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள்: கோர்ஸ் பெயர், என்.க்யூ.எஃப் நிலை, நடத்துபவர், கட்டணம், வேலை நேரத்தில் எத்தனை நாள் போகும், இதைப் படித்தால் அலுவலகத்தில் என்ன மாறும். கடைசிக் கேள்விக்குப் பதில் உங்கள் பதிவேட்டிலிருந்தே வரட்டும். "சுங்க வகைப்பாட்டில் இந்த வருடம் மூன்று முறை வெளி ஆளிடம் கேட்க வேண்டி வந்தது, அதை நானே செய்ய முடியும்" என்கிற மாதிரி. வாயால் கேட்டுவிட்டு விடாதீர்கள், மின்னஞ்சல் அனுப்புங்கள்.

கம்பெனி பணம் கட்ட ஒத்துக்கொண்டால், கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். படித்து முடித்த பிறகு இத்தனை காலம் இங்கேயே இருக்க வேண்டும், போனால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இருப்பது வழக்கம். நியாயமான கால அளவு என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

படி 5: மேனேஜரிடம் பேசுவது

இது சின்னப் படி. அப்ரைசல் (வேலை மதிப்பீடு) நாளுக்குக் காத்திருக்காமல், அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே கால் மணி நேரம் கேளுங்கள். பதிவேட்டிலிருந்து பொறுக்கிய ஐந்து வரி, நீங்கள் போக விரும்பும் பதவி, "அதற்கு என்னிடம் என்ன குறைகிறது?" என்ற கேள்வி. சம்பளப் பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள். அவர் சொல்லும் குறையை அங்கேயே மறுத்துப் பேசவும் வேண்டாம், எழுதிக்கொண்டு வந்து, அன்று மாலையே "நாம் பேசியது இது" என்று சுருக்கமாக மின்னஞ்சல் போடுங்கள். அப்ரைசல் அன்று அந்த மின்னஞ்சலிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

இருபது வருட அனுபவம் இருக்கிறது, சான்றிதழ் ஒன்றுமே இல்லை, என்ன செய்வது என்று ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார். அண்ணே, ஆர்.பி.எல் என்று ஒரு வழி இருக்கிறது, ஏற்கெனவே தெரிந்த வேலையை மதிப்பிட்டுத் தகுதியில் சேர்ப்பது. உங்கள் துறைச் செட்டாவிடமோ கல்லூரியிடமோ கேளுங்கள். ஆதாரக் கோப்பு கேட்பார்கள், படி 2 போல எழுதிய வரிகளும் உடன் வேலை செய்தவர்களின் கடிதமும் அங்கேதான் உதவும். இன்றைக்கே பழைய வேலைகளை நினைவிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

பரீட்சைக்கு விடுப்பு சட்டப்படி கிடைக்குமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அடிப்படைப் பணி நிபந்தனைகள் சட்டத்தில் படிப்பு விடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. உங்கள் வேலை ஒப்பந்தத்தையோ கம்பெனி விதியையோ பொறுத்தது. அதனால் படி 4-ல் சொன்ன அரைப் பக்கத்திலேயே பரீட்சை நாட்களையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு தங்கை, வேலையை விட்டு வந்த இடத்தில் அனுபவக் கடிதம் தராமல் இழுத்தடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அம்மா, அது அவர்கள் விருப்பம் இல்லை. 1997-ன் அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி வேலை முடியும்போது சேவைச் சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும்: உங்கள் பெயர், பதவி அல்லது வேலையின் சிறு விவரம், சேர்ந்த தேதி, விட்ட தேதி, சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். விலகிய காரணத்தை நீங்கள் கேட்டால் மட்டும்தான் எழுதுவார்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அந்த மின்னஞ்சலின் நகலோடு போங்கள்.