உலக வரலாற்று இணைய வகுப்பு: குழு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் கோத்தகிரியில் இருந்தபடியே இணையத்தில் உலக வரலாறு படித்து முடித்தேன். வாரா வாரம் சில காணொளிகள், கொஞ்சம் வாசிப்பு, ஒரு சின்னத் தேர்வு. இதுவரை தனியாகவே சமாளித்துவிடலாம். நடுவில் நான்கு பேரைக் குழுவாகப் போட்டு, சேர்ந்து ஓர் ஆய்வு எழுதச் சொல்வார்கள். அதை மற்றக் குழுக்கள் படித்து மதிப்பெண் போடும். நல்ல மாணவர்களும் தடுமாறுவது அங்கேதான்.

பெரிய தவறு, பக்கங்களைப் பங்கு பிரிப்பது. நாங்களும் அதைத்தான் செய்தோம். பெருவின் லிமா, ஜாவாத் தீவின் பாண்டுங், லண்டன், கோத்தகிரி என்று ஊருக்கு ஒருவர். ஆளுக்கு நான்கு பக்கம். தலைப்பு ‘காலனி ஆட்சி’. கடைசி இரவில் ஒட்டவைத்து அனுப்பினோம். "நான்கு கட்டுரைகள் இருக்கின்றன, ஆய்வு எங்கே?" என்று பதில் வந்தது. நியாயமான கேள்வி.

அடுத்த முறை, நான்கு ஊரும் சேர்ந்தால் மட்டுமே பதில் கிடைக்கும் ஒரு கேள்வியைத் தேடினோம். சின்கோனா அகப்பட்டது. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா இந்த மரத்தின் பட்டையில்தான் இருக்கிறது. பெருவின் தேசியச் சின்னத்திலேயே இந்த மரம் உண்டு. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையிலிருந்து கன்றுகளையும் விதைகளையும் இந்தியாவுக்குக் கொண்டுபோகக் கிளம்பினார். நம் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. அப்படியிருக்க, உலகச் சந்தையை டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவா எப்படிப் பிடித்தது? சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வணிகர் அனுப்பிய உயர்ந்த ரக விதையை ஆங்கிலேய அரசு வேண்டாம் என்றது, டச்சுக்காரர்கள் வாங்கினார்கள். அந்த விதையைச் சேகரித்துக் கொடுத்த பொலிவியப் பழங்குடி மானுவேல் இன்க்ரா மாமானி பின்னர் மறுபடி விதை சேகரித்ததற்காகச் சிறைப்பட்டு, அடிபட்டு இறந்தார். லிமாக்காரர் இதைச் சொன்ன அன்று எங்கள் அழைப்பில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. நடுவட்டத்தின் கதை ஆண்டீஸில் தொடங்கி, 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாட்டுப் படைகள் கொய்னாவுக்குத் தவித்தது வரை நீண்டது. இதை யாராலும் தனியாக எழுதியிருக்க முடியாது.

நம் ஊரில் என்ன உலக வரலாறு இருக்கிறது என்று ஒதுங்குவதும் தவறு. நீலகிரியில் தேயிலை பறிக்கும் எத்தனையோ குடும்பங்கள் இலங்கையிலிருந்து வந்தவை. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் இன்று பாட்டிகளாக நம் பக்கத்து லைன் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் "எந்த வருஷம் வந்தீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். "பெட்டியில என்னென்ன எடுத்து வச்சீங்க, பாட்டி?" என்று கேளுங்கள், வருடம் தானாக வரும். பதிவு செய்யவும் வெளியிடவும் முதலிலேயே அனுமதி வாங்கிவிடுங்கள்.

நேரக் கணக்கைக் கவனியுங்கள். நமக்கு இரவு 8 மணி என்றால் லிமாவில் காலை 9.30, பாண்டுங்கில் இரவு 9.30. லண்டனில் மட்டும் கோடையில் பிற்பகல் 3.30, அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் 2.30. கெடு ‘ஞாயிறு 00:00 யுடிசி’ (யுடிசி என்பது உலகப் பொது நேரம்) என்றிருந்தால் அது நமக்கு ஞாயிறு காலை 5.30. ஞாயிறு இரவு என்று நினைத்தவர்களின் உழைப்பு வீணாகும்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு ஒன்று. ஆங்கிலம் தட்டுகிறதே என்று அழைப்பில் மௌனமாக இருக்காதீர்கள். சொல்ல வேண்டியதை முதல் நாளே நான்கு வரி எழுதிக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். லிமாக்காரருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். உங்களிடம் இருக்கும் பாட்டியின் கதை அவர்களில் ஒருவருக்கும் கிடைக்காது.

அப்புறம், ஐப்பசி மழையில் கெடு வந்தால் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். குன்னூர் பாதையில் மரம் சாய்ந்தால் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போகும். ஒரு பிரதியைக் கைபேசியிலும் வைத்திருந்தால், சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்து போயாவது அனுப்பலாம்.