சிக்னலில் நின்றாலும் ஓட்டுகிற கணக்குதான்: பிரிட்டனில் காரும் போனும்

டெஸ்டில் பாஸாகி ஐந்தாம் மாதம் என் மைத்துனரின் லைசென்ஸ் பறிபோனது. குடித்துவிட்டு ஓட்டவில்லை, யாரையும் இடிக்கவில்லை. லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஒரு சிவப்பு சிக்னலில் நின்றிருந்தார். 'கொத்தமல்லி ஒரு கட்டு, மறக்காதீங்க' என்று வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்ததற்கு ஒரு கட்டைவிரல் போட போனைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து சைக்கிளில் வந்த போலீஸ்காரர் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். வண்டி நிற்கிறதே என்று இவர் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டுவது இந்த இடத்தில்தான். ஊரில் சிக்னல் என்றால் போனை எடுக்கிற நேரம். இங்கே சிக்னலில் நின்றாலும், டிராஃபிக்கில் ஊர்ந்தாலும், நிற்கும்போது தானாக அணைகிற எஞ்சின் அணைந்திருந்தாலும் நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கையில் போனோடு ஓட்டக் கூடாது என்ற தடை 2003 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. ஆனால் பழைய சட்டம் பேசுவது, செய்தி அனுப்புவது போன்ற தகவல் தொடர்பைத்தான் குறிவைத்தது. விபத்து நடந்த இடத்தைக் கடந்து போகும்போது போனில் வீடியோ எடுத்த ஒருவரின் வழக்கு 2019இல் உயர் நீதிமன்றத்துக்குப் போய், படம் எடுப்பது தகவல் தொடர்பு ஆகாது என்று தீர்ப்பானது. அந்த ஓட்டையை 2022 மார்ச் 25 முதல் அடைத்துவிட்டார்கள். இப்போது போன் கையில் இருக்கும்போது மணி பார்ப்பது, பாட்டு மாற்றுவது, லாக் எடுப்பது எல்லாமே குற்றம். வருகிற அழைப்பைக் 'கட்' பண்ணுவதும் அதில் சேரும். பேசவில்லையே, ஃபிளைட் மோடில்தானே இருந்தது என்பதெல்லாம் எடுபடாது.

மாட்டினால் 200 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 பாயின்ட், அதாவது தண்டனைப் புள்ளி. கோர்ட்டுக்குப் போனால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம், லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கு 2,500 வரை. பணம் போனால் போகட்டும், அந்த 6 பாயின்ட்தான் பொல்லாதது. பழைய டிரைவருக்கு மூன்று ஆண்டுக்குள் 12 பாயின்ட் சேர்ந்தால்தான் ஓட்டத் தடை வரும். முதன்முதலாக டெஸ்டில் பாஸான இரண்டு ஆண்டுக்குள் இருப்பவருக்கோ 6 பாயின்ட்டிலேயே லைசென்ஸ் ரத்து. அதாவது ஒரே ஒரு தடவை போனோடு பிடிபட்டால் போதும். ஊரில் இருபது வருஷம் ஓட்டியிருந்தாலும் கணக்கில் வராது. இந்திய, இலங்கை லைசென்ஸை இங்கே குடிவந்து 12 மாதம் வரைதான் பயன்படுத்தலாம், அதற்கு மேல் ஓட்ட இங்கத்திய டெஸ்ட் எழுதித்தான் ஆகவேண்டும். அதனால் நம்மவர்கள் நாற்பது வயதிலும் இந்த 'புது டிரைவர்' பட்டியலில் இருப்பார்கள்.

ரத்தானால் மறுபடி புரொவிஷனல் என்ற பழகுநர் லைசென்ஸ், மறுபடி எல் போர்டு, தியரிக்கு 23 பவுண்டு, பிராக்டிகலுக்கு வார நாளில் 62 பவுண்டு. பிராக்டிகலுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், பணத்தைவிட அதுதான் எரிச்சல். மைத்துனர் அந்த நாட்களில் வேலைக்குப் போக இரண்டு பஸ் மாறினார். அப்புறம் இன்ஷூரன்ஸ். கடந்த 5 ஆண்டுகளில் ஏதாவது பாயின்ட் வாங்கினீர்களா என்று கேட்பார்கள், மறைத்தால் பாலிசியே செல்லாமல் போகலாம், சொன்னால் பிரீமியம் ஏறும்.

போலீஸ் தெரியும்படிதான் நிற்கும் என்று நினைக்காதீர்கள். மோட்டார்வேயில் சாதாரண லாரி மாதிரி வருகிற வண்டியின் உயரமான கேபினிலிருந்து உங்கள் மடியை நேராகப் பார்த்துப் படம் எடுப்பார்கள். ஹெல்மெட்டில் கேமரா மாட்டிய சைக்கிள்காரர்களும் வீடியோவைப் போலீசுக்கு அனுப்புகிறார்கள். அப்படி வந்தால், ஓட்டியது யார் என்று கேட்டு வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குக் கடிதம் வரும். 28 நாளுக்குள் பதில் போடுங்கள், போடாவிட்டால் அதற்குத் தனியாக 6 பாயின்ட். 'அண்ணி பெயரில் பாயின்ட் போட்டுக்கலாம், அவங்கதான் வண்டியே எடுக்கறதில்லையே' என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். கிறிஸ் ஹியூன் என்ற முன்னாள் அமைச்சர் ஸ்பீடிங் பாயின்ட்டை மனைவி பெயரில் தள்ளிய கதை வெளியே வந்து, 2013இல் இருவருக்கும் தலா 8 மாதச் சிறை கிடைத்தது.

சரி, என்னதான் செய்யலாம்? பார்வையை மறைக்காத இடத்தில் ஸ்டாண்டில் மாட்டி வழி பார்க்கலாம், புளூடூத்தில் பேசலாம், வாய்ச் கமாண்ட் கொடுக்கலாம். முகவரியைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். போன் ஸ்டாண்டில் இருந்தாலும் கவனம் சிதறி வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று தோன்றினால் போலீஸ் நிறுத்தலாம், அதற்கும் 3 பாயின்ட் உண்டு. அவசரத்துக்கு 999 கூப்பிட வேண்டும், வண்டியை ஓரம் கட்டவும் வழியில்லை என்றால் கையில் எடுத்துப் பேசலாம். வண்டியில் இருந்தபடியே சாப்பாடு வாங்கும் டிரைவ் த்ரூவில் வண்டியை நிறுத்திவிட்டு போனால் பணம் கட்டலாம். மற்றதற்கெல்லாம் ஒழுங்கான இடத்தில் பார்க் பண்ணிவிட்டு எடுங்கள். மோட்டார்வேயின் ஓரத்தில் இருக்கும் ஹார்ட் ஷோல்டர் பாதை அந்த இடம் இல்லை, அது ஆபத்துக்கு மட்டும்.

கணவர்மார் கவனிக்க வேண்டியது ஒன்று. மனைவி எல் போர்டில் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறீர்களா? அந்த நேரத்தில் நீங்களும் போனைக் கையில் எடுக்கக் கூடாது. சொல்லிக்கொடுப்பவருக்கும் அதே சட்டம், அதே அபராதம்.

ஊரில் அம்மா மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கூப்பிடும் நேரம்தான் இங்கே காலையில் பிள்ளைகளை ஸ்கூலில் விடும் நேரம். எட்டரை மணிக்கு வண்டியில் இருப்பேன், பத்து மணிக்கு நானே கூப்பிடுகிறேன் என்று வந்த வாரமே சொல்லிவையுங்கள். போனில் டிரைவிங் மோடையும் போட்டுவையுங்கள். மைத்துனர் இப்போது போனை டிக்கியில் பையோடு வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். கொத்தமல்லியைப் பாதி நாள் மறந்துவிட்டுத்தான் வருகிறார்.